பதிவாயிடுச்சு

அத்தியாயம் 11

வீடு மாறுவதா வேண்டாமா என்ற சண்டை மூன்று வாரம் நடந்து, போன ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. முடிவு என்றால், அண்ணன் ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். அப்பா, "பதில் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். ஐந்து மாத வயிற்றோடு அண்ணி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்த வீட்டில் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படும்.

அப்பா காத்திருந்த பதில், அவருடைய மகளின் அலுவலகத்திலிருந்து வரவேண்டியது.

சின்னவளுக்குச் சுற்றுச்சூழல் துறையின் மக்கள் தொடர்புப் பிரிவில் ஒப்பந்த வேலை. துறையின் முகநூல் பக்கத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குப்பையைப் பிரித்துப் போடுவது முதல் மழைநீரைச் சேமிப்பது வரை, அரசாங்கம் தெருவிலிருக்கிற மனிதர்களுக்குச் சொல்ல நினைப்பதையெல்லாம் நான்கு வரியில், ஒரு பச்சை இலைப் படத்தோடு சொல்ல வேண்டும். பெயின்ட் ஆலை தன் இரண்டாவது கழிவுநீர்க் குழாயை ஏரிக்குள் இறக்க அனுமதி கேட்டிருக்கிறது என்ற அறிவிப்பையும் நாற்பது நாளைக்கு முன்னால் அவள்தான் போட்டாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அதே ஏரி. 'உங்கள் கருத்துகளை இங்கே பதிவு செய்யுங்கள்' என்று கடைசி வரி. எழுதி முடித்தபோது அந்த வரி அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்பாவுக்கும் பிடித்திருந்தது. அவர் வீடு வீடாகப் போனார். ஃபோனில் தட்டத் தெரியாதவர்களுக்குத் தானே தட்டிக் கொடுத்தார். தெருவில் இருநூற்றுப் பதினான்கு பேரை எழுத வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். இருபத்தாறு வருடம் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பம்புக்காரர் சொன்னால் யார் மறுப்பார்கள்? எழுதிய ஒவ்வொருவருக்கும் அந்த நொடியே பதில் வந்தது. 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது. நன்றி.' பக்கத்தில் ஓர் இலை.

"பதிவாயிடுச்சு," என்றார் அப்பா, ஒவ்வொரு வாசலிலும். "இனிமே அவங்க பாடு."

*

வியாழக்கிழமை காலை சின்னவள் அலுவலகத்துக்குப் போனதும் வழக்கம்போல நோட்டைத் திறந்து அன்றைய வேலைகளை எழுதினாள். எழுதிவைக்காத வேலையை மறந்துவிடுவோம் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. எழுதிவைத்த பிறகு, சரியாகத்தான் எழுதினோமா என்ற பயம் வரும். அன்றைக்கு நான்கு வரி. இரண்டாவது வரியில் 'மூட்டை' என்று இருந்தது.

மேஜைக்கு அடியில் ஒரு மாதமாக அவள் காலை இடித்துக்கொண்டிருந்த மூட்டை. 'நம் ஏரி' என்று ஓர் ஓவியப் போட்டி நடத்தினார்கள். கடைசித் தேதிக்குள் வந்த உறைகளைப் பிரித்து நடுவர்களிடம் கொடுத்தாயிற்று. தேதி கடந்து வந்ததைப் பிரிக்கக்கூடாது என்று அவளே ஒரு விதி வைத்து, தபாலில் வந்தவற்றை அப்படியே மூட்டைக்குள் போட்டுவந்தாள். இப்போது பரிசும் கொடுத்து முடிந்துவிட்டது.

அந்த அலுவலகத்தின் அத்தனை அலமாரிச் சாவிகளையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கும் ஊழியரைச் சாவிக்காரர் என்பார்கள். அவர் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும்.

"அண்ணே, இந்த மூட்டையைப் பழைய பேப்பருக்குப் போட்டுடலாம்."

"பிரிச்சுக்கூடப் பார்க்கலையா? பிள்ளைங்க ஆசையா வரைஞ்சிருக்கும்."

"பிரிச்சா மனசு கேக்காதுண்ணே. பரிசும் குடுக்க முடியாது."

"அதுவும் சரிதான். பிரிக்காத வரைக்கும் எல்லாமே நல்ல படம்தான்." குனிந்து மூட்டையின் வாயைக் கட்டினார். "பேப்பர்காரன் மூணு, மூணரைக்கு வருவான். படிக்கட்டுக்குக் கீழ வச்சிடறேன்."

நோட்டில் இரண்டாவது வரியை அடித்தாள். கால் நீட்ட இடம் கிடைத்தது நன்றாக இருந்தது.

பதினொன்றரைக்கு அதிகாரி கூப்பிட்டார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற அம்மாள். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சந்தோஷப்பட்டும் யாரும் பார்த்ததில்லை.

"உட்காரும்மா. ஏரிக் குழாய்க்கு உத்தரவு வந்துடுச்சு. நாலு மணிக்கு நம்ம பக்கத்துல போடணும். சுருக்கமா எழுது."

சின்னவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். மூன்றாவது பத்தியில் நின்றாள். 'குறித்த காலத்துக்குள் ஆட்சேபணை எதுவும் பெறப்படாததால் அனுமதி வழங்கப்படுகிறது.'

"மேடம், இதுல தப்பு இருக்கு. இருநூத்திப் பதினாலு பேர் எழுதியிருக்காங்க."

"எங்க?"

"நம்ம பக்கத்துல."

"அது கமெண்ட்டும்மா. ஆட்சேபணைன்னா கையெழுத்துப் போட்ட காகிதம். சட்டப் பிரிவுல அதைத்தான் எண்ணுவாங்க. அது ஒண்ணுகூட வரலை."

"பதிவு செய்யுங்கள்னு போட்டோமே மேடம்."

"காகிதம் வேணும்னும்தான் போட்டோம். ரெண்டாவது படத்துல."

போட்டிருந்தார்கள். அறிவிப்பு நீளமாக இருந்ததால் இரண்டு படமாகப் பிரித்தது அவள்தான். முதல் படத்தில் ஏரியும் இலையும் பெரிய எழுத்தும். 'ஆட்சேபணைகள் கையொப்பத்துடன் எழுத்து மூலம் முப்பது நாளுக்குள் வந்து சேர வேண்டும்' என்பதும் விலாசமும் இரண்டாவது படத்தில். விரலால் தள்ளினால்தான் அது தெரியும். பத்துப் பேரில் ஒருவர்கூடத் தள்ளிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவளுடைய தொழிலில் பாலபாடம்.

"ஒண்ணே ஒண்ணு வந்திருந்தாக்கூடப் போதும்," என்றார் அதிகாரி. "ஒரே ஒரு கையெழுத்து. தெருவுக்கே போய் நேர்ல விசாரணை வச்சாகணும். குழாய் நின்னிருக்கும்."

"இப்ப கொண்டுவந்து குடுத்தா?"

"பத்து நாள் தாண்டிடுச்சே. காலத்துக்குள்ள வந்ததுன்னா மட்டும்தான் கோப்பைத் திரும்பத் திறப்பாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நானும்தான் பார்த்துச் சரின்னேன். உன்னை மட்டும் குத்தம் சொல்லலை."

ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அந்த 'மட்டும்' சின்னவளோடு எழுந்து அவள் மேஜை வரைக்கும் வந்தது.

*

இருநூற்றுப் பதினான்கு என்று வார அறிக்கையில் எழுதியவள் அவள்தான். 'மக்கள் ஈடுபாடு: மிகச் சிறப்பு' என்று பக்கத்தில் எழுதியதும் அவள்தான். அதில் ஒன்றையாவது படித்தோமா என்று யோசித்தாள். முதல் பத்தைப் படித்த ஞாபகம் இருந்தது. பிறகு தானாகப் பதில் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். 'தண்ணி நாறுது.' 'எங்க கிணத்துல மேல ஒரு ஏடு படியுது, பல கலர்ல.' 'குழாய் வேண்டாம்.' 'குழாய் வேண்டாம்.' 'பம்புக்காரர் சொல்லி எழுதுகிறேன், குழாய் வேண்டாம்.'

நூற்று எழுபதாவது இடத்தில் நீளமாக ஒன்று இருந்தது. எழுதியவர் பெயர் 'பம்ப் ஹவுஸ்'. முகத்துக்குப் பதிலாக ஒரு வால்வுச் சக்கரத்தின் படம். அப்பாவுக்கு அந்தக் கணக்கை அண்ணன் திறந்து கொடுத்தபோது, பெயர் நன்றாக இல்லை என்று இவள்தான் கேலி செய்தாள்.

'ஐயா, நான் இந்தத் தெருவுக்கு இருபத்தாறு வருசம் வால்வு திறந்தவன். கடைசி நாலு வருசம் தண்ணியில வாடை மாறினது எனக்குத் தெரியும். மேலே சொன்னேன். பாக்கலாம் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ரிட்டயர் ஆகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தெருவில் எல்லாரும் வடிகட்டிக் குடித்தார்கள். என் மனைவி, நீங்க விடுற தண்ணிக்கு வடிகட்டி எதுக்கு என்று சொல்லி அப்படியே குடிப்பாள். அவளுக்குக் கிட்னி போய்விட்டது. இறந்து இரண்டு வருசம். தண்ணியால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கப் பயம். என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னதில்லை. எங்கே சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். குழாய் வேண்டாம் ஐயா.'

அதற்குக் கீழே துறையின் பதில். 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது. நன்றி.' அதன் பக்கத்தில் இலை.

சின்னவள் திரையை அணைத்தாள். கறுத்த கண்ணாடியில் தன் முகம் தெரியவும் மறுபடி போட்டாள்.

நாலு மணிக்கு அவள் போடப்போவதை அப்பா படிப்பார். அவளுடைய பதிவு எதையும் அவர் விட்டதில்லை. தெருவில் யாரையாவது நிறுத்தி வாசித்தும் காட்டுவார். 'ஆட்சேபணை எதுவும் பெறப்படாததால்' என்று அவர் வாயால் சத்தமாக வாசிப்பது அவள் காதில் கேட்டது. அதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். மதிய இடைவேளையோடு ஒரு மணி நேர அனுமதியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

அப்பா முன்னறையில் தரையில் உட்கார்ந்து பழைய குழாய் ஒன்றைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். வேலை விட்டு மூன்று வருடமாகியும் தெருவில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அது இங்கேதான் வரும்.

"என்ன குட்டி, இந்த நேரத்துல?" முகம் மலர்ந்தது. "பதில் வந்துடுச்சா?"

அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நாத்தனாரே, சாப்பிடாம வந்திருப்பியே. தட்டு எடுக்கவா?"

"வேண்டாம் அண்ணி. கொஞ்சம் உட்காருங்க." சின்னவள் அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது சொல்லவேண்டியதை வரிசையாக மனசில் அடுக்கியிருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"குழாய்க்கு அனுமதி குடுத்துட்டாங்கப்பா."

அப்பா வாஷரைக் கையிலேயே வைத்திருந்தார். "இருநூத்திப் பதினாலு பேர் வேண்டாம்னு சொல்லியுமா?"

"யாரும் வேண்டாம்னு சொல்லலைன்னு உத்தரவுல இருக்கு."

"அதெப்படி? பதிவாயிடுச்சே."

"அது அந்தப் பதிவு இல்லப்பா. பக்கத்துல எழுதறதுக்கும் பதிவுன்னுதான் பேரு. கோப்புல ஏறினாத்தான் நீங்க நினைக்கிற பதிவு. காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கணும்."

அப்பா வாஷரைப் புரட்டிப் பார்த்தார். பம்ப் ஹவுஸில் ஒரு பதிவேடு இருக்கும். எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை மணிக்கு மூடினார் என்று இருபத்தாறு வருடம் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அவருக்குப் பதிவு என்றால் அந்தத் தடித்த புத்தகம்தான்.

"நன்றின்னு வந்துச்சே, குட்டி."

"அது தானா வர்றதுப்பா. யார் என்ன எழுதினாலும் வரும்."

"அப்ப யாரும் படிக்கலையா?"

"இன்னிக்குக் காலைல நான் படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

அவள் தலையசைத்தாள். அப்பா குழாயைக் கீழே வைத்தார். அது உருண்டு சுவரோரம் போய் நின்றது.

"நீ படிப்பேன்னு நினைக்கலை," என்றார். "நீ படம்தானே போடுறவ. மேல பெரிய அதிகாரிங்க யாராவது படிச்சுட்டுப் பதில் போடுறாங்கன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்ல முடியலை. அவங்ககிட்ட சொன்னேன்."

"அப்பா..."

"அதை எழுதின அன்னிக்குத்தான் குட்டி, நல்லாத் தூங்கினேன். கேட்டுக்கிட்டாங்க, வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னு ஒரு..." சொல் கிடைக்காமல் கையை விரித்தார். கையில் வாஷர் இருந்தது. "சரி விடு. வாசல்ல நின்னு கத்தினதா நினைச்சுக்கறேன். காத்துல போச்சு."

"அந்தப் பதிலை எழுதினது நான்தான்ப்பா. நன்றிங்கறதும் நான் எழுதினதுதான். ஒரு மத்தியானம், அவசரத்துல."

அவர் அவளைப் பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். அவர் எட்டி அவள் தலையில் கை வைத்தார். விரலில் கிரீஸ் இருப்பது ஞாபகம் வந்து உடனே எடுத்துவிட்டார்.

"உங்கம்மா அப்படித்தான் குடிப்பா," என்றார். "நீங்க விடுற தண்ணின்னு."

இரண்டு வருடத்தில் அம்மாவைப் பற்றி அவர் அந்த அறையில் பேசிய முதல் வாக்கியம் அது. வெளியே யாரோ தண்ணீர் கேன்களை இறக்குகிற சத்தம் கேட்டது.

கதவோரம் நின்ற அண்ணிதான் முதலில் அசைந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணியைப் பத்தின புகாரைத் தண்ணி மேலயே எழுதியிருக்கோம். வேற என்னாகும்?" என்றாள். பிறகு, நினைத்துக்கொண்டவள்போல, "ஆமா, கையெழுத்துப் போட்ட காகிதம் ஒண்ணுகூட வரலைன்னா சொல்றாங்க?" என்றாள்.

"ஒண்ணுகூட வரலையாம் அண்ணி."

"அதெப்படி? நான் அனுப்பினேனே."

சின்னவள் நிமிர்ந்தாள்.

"மாமா எழுதினதை என்கிட்ட எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னாங்க. எனக்கு ஃபோன்ல எழுதறதுல நம்பிக்கை இல்லை. இன்னிக்கு இருக்கும், நாளைக்குத் தேடினா இருக்காது. அதனால பேப்பர்ல அப்படியே எடுத்து எழுதினேன். உன் ரெண்டாவது படத்தையும் தள்ளிப் பார்த்தேன்ல, கையெழுத்து வேணும்னு இருந்துச்சு."

"எதுக்கும்மா, அதான் பதிவாயிடுச்சேன்னு நான் சொன்னேன்," என்றார் அப்பா மெதுவாக. "ஒரு கையெழுத்துதானே மாமா, போடுங்கன்னு சொன்னா. போட்டேன்."

"படத்துக்குக் கீழ இருந்த விலாசத்துக்கு அனுப்பினேன். பதிவுன்னா எனக்குப் பதிவுத் தபால்தான். போய்ச் சேர்ந்த அட்டைகூடத் திரும்பி வந்துச்சு. இரு."

அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றே ஒன்று போதும் என்றார் அதிகாரி. காலத்துக்குள் வந்திருந்தால் கோப்பைத் திறப்பார்கள் என்றார். படத்துக்குக் கீழே இருந்த விலாசம்? எல்லாப் படத்திலும் அடியில் தானாக விழுகிற விலாசம் அவர்கள் பிரிவினுடையது. சட்டப் பிரிவினுடையதை மாற்றிப் போட்டோமா? இல்லை. போடவில்லை. அப்படியானால் அந்தக் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போகவே இல்லை. நேராக அவர்கள் அறைக்குத்தான் வந்திருக்கும்.

அண்ணி வயிற்றுக் குழந்தையின் ஸ்கேன் படங்கள் வைத்திருந்த உறையோடு வந்து, அதற்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது. அறிவிப்புப் போட்டுப் பன்னிரண்டாம் நாள். ஓவியப் போட்டி முடிந்து இரண்டாம் நாள்.

தபால் பிரிவு எழுத்தர் அந்த வாரம் முழுக்க விடுப்பில் இருந்தார். தபால்காரர் மாடிக்கே ஏறி வந்து, "யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்கம்மா" என்று அட்டைகளை மேஜையில் பரப்பினார். அவள் காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு வரிசையாகப் போட்டாள். உறைகளை எண்ணினாள். எல்லாம் தேதி கடந்து வந்தவை. பிரிக்கக்கூடாது என்ற விதிப்படி எல்லாவற்றையும் கீழே மூட்டைக்குள் தள்ளினாள்.

பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில், கடைசி எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே நீண்டு இறங்கியிருந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து மாற்ற முயன்றும் மாறாத வால்.

"யாரு கையெழுத்துன்னு தெரியுதா பாரு," என்றாள் அண்ணி. "எனக்குக் கோழி கிண்டின மாதிரி இருக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு இருபது. பஸ் உடனே கிடைத்தால் இருபத்தைந்து நிமிடம். பேப்பர்காரன் மூன்று, மூன்றரைக்கு வருவான் என்றார் சாவிக்காரர். சில நாள் முன்னதாகவே வந்துவிடுவான்.

அவள் அட்டையைக் கையில் வைத்தபடியே எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு தலைகீழாகக் கிடந்தது. காலாலேயே திருப்பினாள். அப்பா கதவு வரைக்கும் வந்தார். கண்ணாடி போடாத கண்ணால் அவள் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் அரசாங்க அலுவலக வரிசையில் நிற்பவர் குரலாக இறங்கியிருந்தது.

"குட்டி, வாங்கி வச்சவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா? நல்ல மனுசங்களா? கேட்டா தேடிக் குடுப்பாங்களா?"

சின்னவள் அந்த வாலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

"தேடுவாங்கப்பா," என்றாள்.